‘டி’ பட்டன் சொல்லாத சேதி: பெரிய ஓவனுக்கு வயரும் எர்த்தும்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அக்கா ஒருவர் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பெரிய மின்சார ஓவன் ஒன்று வாங்கினார். நான்கு தட்டு, 6,000 வாட். லோரியில் வந்து இறங்கிய அன்று மாலையே எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஓவனின் முதுகிலிருந்து தடியான வயர் ஒன்று தொங்கியது. அதன் நுனியில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் என்று மூன்று வயர்கள் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. கூடவே ஒரு குரல் பதிவு: “தம்பி, கடைக்காரன் பிளக் போட மறந்துட்டான். வரும்போது ஒரு பிளக் வாங்கியாந்து மாட்டி விட்டுடுப்பா.”

கடைக்காரர் மறக்கவில்லை. அது பிளக் மாட்டக்கூடாத சாமான். ஏன் கூடாது, பிறகு எப்படித்தான் கரண்டு கொடுப்பது, அந்தப் பச்சை-மஞ்சள் வயருக்கு என்ன வேலை என்று அக்காவுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்க்ரூடிரைவரோடு, வீட்டுக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டிக்கு முன்னால் போய் நிற்கவேண்டாம். அந்த மூடியைக் கழற்றுவது எரிசக்தி ஆணையத்தில், அதாவது சுருஹான்ஜாயா தெனாகாவில், பதிவு பெற்ற வயர்மேனின் வேலை. ஆனால் அவர் வந்து வேலை பார்க்கும்போது எதைக் கேட்பது, எதைக் கவனிப்பது என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

26 ஆம்பியர்

ஏர்கான், வாட்டர் ஹீட்டர், ஓவன் எல்லாவற்றுக்கும் ‘ஹை வோல்டேஜ் பாயிண்ட்’ வேண்டும் என்று சொல்லிப் பழகிவிட்டோம். வீட்டுக்குள் ஹை வோல்டேஜ் எதுவும் வருவதில்லை. நம் மலேசிய மின்சார விதிகளின்படி 1,000 வோல்ட் வரைக்கும் லோ வோல்டேஜ்தான். கைப்பேசி சார்ஜரும் அக்காவின் ஓவனும் ஒரே 230 வோல்டில்தான் ஓடுகின்றன. 2008-க்கு முன்பு அது 240 வோல்ட். பழைய சாமான்களின் முதுகில் இன்னும் அந்த எண்ணைப் பார்க்கலாம். ‘லோ’ என்ற பெயரைக் கேட்டு ஏமாறவேண்டாம், ஆளைக் கொல்ல 230 தாராளமாகப் போதும். சார்ஜருக்கும் ஓவனுக்கும் உள்ள வித்தியாசம், எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்பதில் இருக்கிறது.

கணக்கு சுலபம். சாமானின் முதுகில் எழுதியிருக்கும் வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். அக்காவின் ஓவன் 6,000 வாட். வகுத்தால் 26 ஆம்பியர். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் மூன்று கால் பிளக் 13 ஆம்பியருக்கு உண்டானது. 13-ஐ 230-ஆல் பெருக்கினால் 2,990 வாட். அதாவது அக்கா கேட்ட பிளக்கில் அதன் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு ஓடும்.

“ஓடினா பியூஸ் போயிடும், அவ்வளவுதானே?” என்று கேட்பார்கள். போகும், ஆனால் உடனே போகாது. பிளக்குக்குள் இருக்கும் 13 ஆம்பியர் பியூஸ் 26 ஆம்பியரைச் சில நிமிடங்களாவது தாக்குப்பிடிக்கும். டி.பி. பெட்டியில் அந்தப் பாயிண்டுக்கு இருக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி.யோ, அதாவது கரண்டு மீறினால் தானாக விழுந்து அணைக்கும் சுவிட்சோ, இன்னும் பொறுமைசாலி. 26 ஆம்பியருக்கு அது ஒரு மணி நேரம்கூட விழாமல் இருக்கலாம். இந்தப் பாதுகாப்புச் சாதனங்களெல்லாம் எண்ணைத் தாண்டிய நொடியில் விழும் என்பது நம் கற்பனை. ஷார்ட் ஆனால் நொடியில் விழும். கொஞ்சம் அதிகமானால் மெதுவாக யோசித்துத்தான் விழும். அதற்குள் பிளக்கின் பிளாஸ்டிக் பழுப்பேறி, வாடை வந்துவிடும்.

அதனால்தான் இந்த மாதிரி சாமான்கள் பிளக் இல்லாமல் வருகின்றன. டி.பி. பெட்டியிலிருந்து தனியாக ஒரு லைன் இழுத்து, அதற்கென்று ஓர் எம்.சி.பி. வைத்து, ஓவனுக்குப் பக்கத்தில் குக்கர் சுவிட்ச் போட்டு, அதிலிருந்து நேராக முடுக்கிக் கொடுக்கவேண்டும். குக்கர் சுவிட்ச் என்பது சிவப்பு விசையோடு பெரிதாக இருக்கும் 45 ஆம்பியர் சுவிட்ச். அது லைவ் (கரண்டு வரும் வயர்), நியூட்ரல் (கரண்டு திரும்பும் வயர்) இரண்டையும் சேர்த்து வெட்டும். எம்.சி.பி. பெரும்பாலும் லைவை மட்டும்தான் வெட்டும். கழற்றி மாற்றவேண்டிய சாமானாக இருந்தால் தொழிற்சாலைகளில் பார்க்கும் நீல நிற உருண்டைப் பிளக், 32 ஆம்பியர், போடலாம். வெல்டிங் மிஷின் வைத்திருப்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

எம்.சி.பி. எவ்வளவு, வயர் எவ்வளவு என்பதில் ஒரே ஒழுங்குதான் உண்டு: ஓவன் இழுப்பதைவிட எம்.சி.பி. பெரிதாக இருக்கவேண்டும், எம்.சி.பி.யைவிட வயர் தாங்கும் கரண்டு பெரிதாக இருக்கவேண்டும். அக்காவுக்கு 26 ஆம்பியர் ஓவன், 32 ஆம்பியர் எம்.சி.பி., 6 எம்.எம். (சதுர மில்லிமீட்டர்) வயர். எம்.சி.பி. காப்பாற்றுவது ஓவனை அல்ல, சுவருக்குள் ஓடும் வயரை. இது புரிந்தால் ஒரு தப்பைச் செய்யமாட்டோம்: “அடிக்கடி விழுது, கொஞ்சம் பெருசா போட்டுடுங்க” என்று வயர்மேனிடம் கேட்கமாட்டோம். பெரிதாகப் போட்டால் விழுவது நிற்கும். சுவருக்குள் வயர் வேகும்.

மொத்தக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்க்கவேண்டும். ஒற்றை ஃபேஸ் வீட்டில், அதாவது ஒரே ஒரு லைவ் வரும் வீட்டில், மெயின் சுவிட்ச் 63 ஆம்பியர் என்றால் மொத்தம் 14,490 வாட். ஓவன் 6,000, குளியலறை ஹீட்டர் 3,600, இரண்டு ஏர்கான் ஆளுக்கு 1,000, கெட்டில் 2,000 என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 13,600. தீபாவளி வாரத்து மாலை ஏழு மணிக்கு இது நடக்கக்கூடியதுதான். இன்னொரு ஓவன் வாங்கும் எண்ணம் இருந்தால் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலிடம் மூன்று ஃபேஸுக்கு விண்ணப்பிப்பதே வழி.

இன்னொன்று, யாரும் பேசாத விஷயம்: திருகாணி. சரியாக முடுக்காத ஒரு திருகாணி முனையில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே இல்லாத எண்தான். ஆனால் 26 ஆம்பியர் அதன் வழியாக ஓடும்போது அந்த ஒற்றைப் புள்ளியில் சுமார் 68 வாட் சூடு பிறக்கிறது. ஈயம் உருக்கும் சோல்டரிங் அயர்ன் 60 வாட்தான். சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சோல்டரிங் அயர்னைச் சொருகி மூடிவைத்த மாதிரி. இந்தச் சூட்டை எம்.சி.பி. பார்க்காது, கசியும் கரண்டைக் கண்டு விழும் இ.எல்.சி.பி.யும் பார்க்காது, ஏனென்றால் கரண்டு அளவோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. புது லைன் போட்ட முதல் வாரம் ஓவன் அரைமணி நேரம் ஓடியதும் சுவிட்சின் முகப்பில் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் ஆளைக் கூப்பிடுங்கள்.

நீலம் எந்த நீலம்

படத்தில் இருந்த மூன்று வயருக்கு வருவோம். பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். சாமானோடு வரும் வயரில் இதில் குழப்பமில்லை.

குழப்பம் சுவருக்குள் இருக்கிறது. மூன்று ஃபேஸ் வீடுகளில் நம் நாட்டு வழக்கப்படி சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ் வயர்கள், நியூட்ரல் கறுப்பு. அந்த வீட்டில் நீல ஃபேஸிலிருந்து ஒரு லைன் வந்தால், சுவரிலிருந்து நீட்டும் நீல வயர் லைவ். ஓவனிலிருந்து நீட்டும் நீல வயர் நியூட்ரல். “நீலத்தோட நீலம்” என்று முடுக்கினால் லைவும் நியூட்ரலும் இடம் மாறிவிடும். ஓவன் சூடாகும், வேலை செய்யும், யாருக்கும் தெரியாது. ஓவனின் சொந்த பட்டன் மட்டும் லைவுக்குப் பதிலாக நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கும். அணைத்து வைத்த ஓவனுக்குள் லைவ் உட்கார்ந்திருக்கும். நிறத்தை நம்பாமல் மீட்டரை வைத்துப் பார்ப்பவர்தான் வயர்மேன். மீட்டரையும் அப்படியே நம்பக்கூடாது. கரண்டு இருப்பதாகத் தெரிந்த இடத்தில் முதலில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்து, திரும்பவும் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். நடுவில் மீட்டரின் பேட்டரி செத்துப்போயிருந்தால் கடைசித் தடவையில் தெரிந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து பழைய பேக்கரி சாமான், மண்பாண்டம் சுடும் சூளை என்று வரவழைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் 240 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து நம் ஊர் கரண்டுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே வீட்டுக்கு வருவது இரண்டு லைவ். ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 120, இரண்டு லைவுக்கும் நடுவில் 240. சூடேற்றும் சுருள் மட்டும் உள்ள சாமான் இங்கே ஓடிவிடும், சூடு கொஞ்சம் குறையும். ஆனால் அதற்குள் 120 வோல்டில் ஓடும் விளக்கோ டைமரோ இருந்தால் இங்கே 230 பாய்ந்து கருகிப்போகும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50; மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். இதையெல்லாம்விட மோசம், அங்கத்திய பழைய மூன்று கால் டிரையர், அடுப்பு வகைகளில் உடம்புத் தகட்டை நியூட்ரலோடு பிணைத்திருப்பார்கள். அந்தப் பிணைப்பைக் கழற்றாமல் இங்கே மாட்டவே கூடாது. காரணம் கீழே வருகிறது.

எர்த்: மண் கரண்டைக் குடிப்பதில்லை

எர்த் வயர் என்ன செய்கிறது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் “கரண்டை மண்ணுக்குள்ள இழுத்துக்கும்” என்பார்கள். இடிதாங்கியை நினைத்துச் சொல்கிறார்கள். வீட்டுக் கரண்டுக்கு மண்மேல் ஆசை கிடையாது. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிப் போவது ஒன்றே அதன் வேலை. நம் தெருமுனையில் ‘பெஞ்சாவாங்’ (துணை மின்நிலையம்) என்று பலகை மாட்டி, மண்டையோடு வரைந்து வைத்திருக்கும் அறைக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர்தான் அது புறப்பட்ட இடம். லைவில் வருகிறது, நியூட்ரலில் திரும்புகிறது. டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலை அங்கேயே மண்ணோடும் இணைத்திருக்கிறார்கள். அதனால் மண் வழியாகவும் திரும்பிப் போக ஒரு பாதை உண்டு.

நம் ஊர்த் தரைவீடுகளுக்குத் தெனாகா கொடுப்பது லைவும் நியூட்ரலும் மட்டும். எர்த்தை அவர்கள் கொடுப்பதில்லை. அது நம் பொறுப்பு: வீட்டோரமாக மண்ணில் அறைந்த, செம்பு பூசிய இரும்புக் கம்பி. ஓவனின் உடம்புத் தகட்டிலிருந்து பச்சை-மஞ்சள் வயர் டி.பி. பெட்டிக்கு வந்து, அங்கிருந்து அந்தக் கம்பிக்குப் போகிறது.

இப்போது ஓவனுக்குள் சுருள் உடைந்து தகட்டில் உரசுகிறது என்று வையுங்கள். கரண்டு தகட்டுக்கு வந்து, எர்த் வயரில் இறங்கி, கம்பி வழியாக மண்ணுக்குள் போய், டிரான்ஸ்பார்மரின் கம்பியில் ஏறித் திரும்புகிறது. எவ்வளவு கரண்டு ஓடும்? வயரில் தடை அற்பம். மண்ணில்தான் தடை. நம் கம்பிக்கு 10 ஓம், அது வயர்மேன்கள் பார்த்துத் திருப்திப்படும் எண். அந்தப் பக்கத்துக் கம்பிக்கு 5 ஓம் என்று வைப்போம். மொத்தம் 15 ஓம். 230-ஐ 15-ஆல் வகுத்தால் 15 ஆம்பியர் சொச்சம்.

எம்.சி.பி. 32 ஆம்பியர். அது விழாது. இன்றும் விழாது, நாளையும் விழாது. ஓவனின் தகட்டில் 153 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும், எர்த் வயர் ஒழுங்காக இருந்தும்.

இதை எழுதும்போது எனக்கே ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திக்கென்றிருக்கும். ‘எர்த் இருக்கு, பயமில்லை’ என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது நம் நாட்டு முறைக்குப் பாதி உண்மைதான். மீதிப் பாதி இ.எல்.சி.பி.

டி.பி. பெட்டியில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில், ‘டி’ (T, டெஸ்ட்) என்று எழுதிய சின்ன பட்டனோடு இருப்பது அது. சரியான பெயர் ஆர்.சி.சி.பி.; பழைய இ.எல்.சி.பி. வேறு விதமாக வேலை செய்த சாதனம், ஆனால் பெயர் நம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. லைவும் நியூட்ரலும் அதற்குள் ஒரு வளையத்தின் நடுவே புகுந்து போகின்றன. போனது 26 ஆம்பியர், வந்தது 26 ஆம்பியர் என்றால் ஒன்றையொன்று அடித்துவிடும், வளையம் சும்மா இருக்கும். போனதில் கொஞ்சம் வேறு வழியாகத் திரும்பினால் கணக்கு இடிக்கும், உடனே விழும். எவ்வளவு இடித்தால் விழும் என்பதை அதன் முகத்திலேயே எழுதியிருப்பார்கள்: 100 மில்லி ஆம்பியர், 30, குளியலறை ஹீட்டருக்கு 10. மேலே சொன்ன ஓவனில் 15 ஆம்பியர் மண் வழியே போகிறது, அதாவது 15,000 மில்லி ஆம்பியர். கண் இமைக்குமுன் விழுந்துவிடும்.

அப்படியென்றால் இ.எல்.சி.பி. மட்டும் போதுமே, எர்த் எதற்கு? அக்கா சரியாக இதைத்தான் கேட்டார், வேறு வார்த்தைகளில். “மாசாமாசம் அந்த ‘டி’ பட்டனை அமுக்கிப் பார்க்கிறேன் தம்பி. டக்குனு விழுது. எர்த்தெல்லாம் ஜம்முனு இருக்கு. நீ ஓவனுக்கு மட்டும் லைன் இழு.”

மாதாமாதம் அமுக்கும் ஆட்கள் அபூர்வம். அதற்காக அக்காவைப் பாராட்டிவிட்டு, எர்த் பாதையை அளக்கும் லூப் டெஸ்டரைச் சமையலறைப் பிளக்கில் சொருகினேன். எர்த்தே இல்லை என்று காட்டியது. ஹாலில் சொருகினேன், அங்கேயும் அப்படியே. டி.பி. பெட்டியிலிருந்து கிளம்பிய பச்சை வயரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சுவரோரமாக இறங்கி, கார் நிறுத்தும் இடத்தின் டைல்ஸுக்குள் புகுந்தது. ஓரத்து டைலைப் பெயர்த்ததும் வயரின் நுனி கிடைத்தது, சுத்தமாக வெட்டப்பட்ட நுனி. ஆறு வருஷத்துக்கு முன்பு வாசலைப் பெரிதாக்கி டைல்ஸ் போட்டார்களாம். கம்பியின் தலை துருத்திக்கொண்டிருந்திருக்கும். வேலைக்கு இடைஞ்சல் என்று யாரோ கிரைண்டரால் அறுத்துவிட்டுச் சிமெண்டைப் பூசிவிட்டார்கள். நம் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) வாசலையோ பின்கட்டையோ இழுத்துக் கட்டாத வீடு எது? எத்தனை வீட்டுக் கம்பி இப்படி டைல்ஸுக்கு அடியில் படுத்திருக்கிறதோ.

ஆறு வருஷமாக ‘டி’ பட்டன் டக்கென்று விழுந்துகொண்டுதான் இருந்தது. அதில் பொய் இல்லை. அந்த பட்டன் எர்த்தைச் சோதிப்பதில்லை. அமுக்கினால் இ.எல்.சி.பி.க்குள்ளேயே லைவிலிருந்து நியூட்ரலுக்கு, வளையத்தைச் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் கரண்டு ஓடும், கணக்கு இடிக்கும், விழும். ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்பது மட்டும்தான் அதன் சேதி. வாசலில் வயர் அறுந்திருப்பது அதற்குத் தெரியாது.

எர்த் அறுந்த வீட்டில் அதே ஓவன், அதே உடைந்த சுருள். தகட்டுக்குக் கரண்டு வந்துவிட்டது, ஆனால் போக வழியில்லை. ஓட்டமே இல்லை, அதனால் கணக்கு இடிக்கவில்லை, இ.எல்.சி.பி. அமைதியாக இருக்கிறது. தகட்டில் 230 வோல்ட், யாராவது தொடட்டும் என்று காத்திருக்கிறது. தொட்டதும் தொட்டவர்தான் எர்த் வயர். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றால் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடலாம், அப்போது 100 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. விழுந்துவிடும். தேய்ந்த சிலிப்பர், காய்ந்தும் காயாத தரை என்றால் 45 மில்லி ஆம்பியர் ஓடலாம். 100 மில்லி ஆம்பியர் சாதனம் 50-க்குக் கீழே விழாதபடிதான் செய்யப்பட்டிருக்கிறது. 30-ஐத் தாண்டினாலே இதயம் தாளம் தப்பக்கூடும். 10-ஐத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிவிடும். நம் உடம்பை வைத்து இ.எல்.சி.பி.யைச் சோதிக்கும் நிலை வரக்கூடாது. எர்த் வயர் இருந்தால், சுருள் உடைந்த நொடியிலேயே, யாரும் தொடுவதற்கு முன்பே அது விழுந்துவிடும்.

இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு சௌகரியம் என்பதற்கு ஒரு கணக்கு. தகட்டில் 50 வோல்டுக்கு மேல் நிற்கக்கூடாது என்பது பொதுவான எல்லை. 100 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. இருந்தால் எர்த் கம்பியின் தடை 500 ஓம் இருந்தால்கூடக் காகிதக் கணக்குப்படி போதும். அப்புறம் ஏன் 10 ஓமைக் கேட்கிறோம்? மண் காயும், கம்பி துருவேறும், கிளாம்ப் தளரும். பத்தில் தொடங்கினால் இருபது வருஷம் கழித்தும் பிழைத்திருக்கும்.

எர்த் இல்லாத வீட்டில் கைவைத்தியக்காரர்கள் செய்யும் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டுவது. அந்தக் காலத்து இரும்புக் குழாயை எப்போதோ பி.வி.சி.யாக மாற்றியாயிற்று, கட்டி என்ன பிரயோஜனம்? அது மண்ணுக்குப் போகாமல் குளியலறைக் குழாய்த் திருகு வரைக்கும் போய் நிற்கும், அவ்வளவுதான். இன்னொன்று, பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சின்ன வயரால் பிணைத்துவிடுவது. ‘எப்படியும் நியூட்ரல் மண்ணுக்குத்தானே போகுது’ என்று தர்க்கம் பேசுவார்கள். நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. எங்காவது நியூட்ரல் திருகாணி தளர்ந்து விட்டுப்போனால், லைவ் கரண்டு சுருள் வழியாக வந்து, திரும்பப் போக வழியில்லாமல், அந்தப் பிணைப்பு வழியாக உடம்புத் தகட்டில் ஏறி நிற்கும். ஓவன் வேலை செய்யாது. “என்னாச்சு இதுக்கு?” என்று கதவைப் பிடித்துத் திறக்கிற கைதான் முதலில் அதைத் தெரிந்துகொள்ளும். அமெரிக்க டிரையரின் பிணைப்பைக் கழற்றச் சொன்னதும் இதனால்தான்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, அதை நாமே செய்கிறோம். இரண்டு கால் பிளக்கைச் சொருகுவதற்கு எர்த் ஓட்டையில் பேனாவையோ ஸ்க்ரூடிரைவரையோ குத்தி மூடியைத் திறப்பது. எர்த் கால் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது அழகுக்காக அல்ல. முதலில் அது நுழையவேண்டும், கடைசியில் அது வெளியே வரவேண்டும், அது நுழைந்த பிறகுதான் லைவ் ஓட்டையின் கதவு திறக்கவேண்டும் என்பதற்காக. குழந்தைகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் வாசலில் கம்பியைத் தேடவேண்டாம். அங்கே கட்டடத்துக்குப் பொதுவான எர்த், மீட்டர் அறை வழியாக மேலே ஏறி வரும். வீட்டுக்குள் அளந்து பார்ப்பது ஒன்றே வழி. சரியில்லை என்றால் கட்டட நிர்வாகத்திடம்தான் போகவேண்டும்.

இடி இடிக்கும்போது இ.எல்.சி.பி. விழுகிறது என்று அதைப் ‘பைபாஸ்’ பண்ணிவைத்திருக்கும் வீடுகள் கோலாலம்பூரில் உண்டு. மாலைதோறும் இடி விழும் ஊரில் அது எரிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வேறு வகை இ.எல்.சி.பி.யும், திடீரென எகிறும் வோல்டேஜை அடக்கும் சர்ஜ் சாதனமும் கிடைக்கின்றன. கேட்டு வாங்கிப் போடுங்கள். வெயிலடிக்கும் நாளிலும் விழுந்தால் அது புகார் அல்ல, தகவல். ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்றிப் பார்த்தால் எந்தச் சாமான் என்று பிடிபட்டுவிடும். பெரும்பாலும் பழைய வாட்டர் ஹீட்டராகவோ, ரொம்ப நாள் மூடிவைத்து ஈரம் இழுத்த ஓவனாகவோ இருக்கும்.

அக்கா வீட்டில் முதலில் எர்த், பிறகு ஓவன் என்று முடிவானது. சுவரோரமாகப் புதுக் கம்பி அறைந்தோம், ஒன்றரை மீட்டர். அளந்தால் 17 ஓம். அதன் தலையில் இன்னொரு கம்பியை இணைத்து மேலும் ஆழமாக இறக்கினோம், 9-க்கு வந்தது. கம்பியின் தலையையும் கிளாம்பையும் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி, மூடி போட்ட சின்னத் தொட்டி ஒன்று வைத்தோம். ஓவன் லைனுக்கு 6 எம்.எம். வயர் மூன்றும், எர்த் உட்பட. 32 ஆம்பியர் எம்.சி.பி.; மெயினில் இருக்கும் 100 போக ஓவனுக்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச், எம்.சி.பி. எல்லாவற்றிலும் சிரிம் தர முத்திரை இருக்கிறதா என்று அக்காவையே பார்க்கச் சொன்னேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

கரண்டு கொடுப்பதற்கு முன்பு மெக்கர் என்ற கருவியில் 500 வோல்ட் வைத்து இன்சுலேஷன், அதாவது வயர் உறையின் தடை, பார்க்கவேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. எர்த் வயர் ஓவன் தகட்டிலிருந்து டி.பி. வரைக்கும் அறுபடாமல் போகிறதா, லைவும் நியூட்ரலும் இடம் மாறவில்லையா என்று பார்க்கவேண்டும். ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி விநாடியில் விழுகிறது என்பதைப் பட்டனை அமுக்கிப் பார்க்காமல் டெஸ்டரை வைத்துப் பார்க்கவேண்டும். 30 மில்லி ஆம்பியருக்கு 300 மில்லி விநாடிக்குள் விழவேண்டும். அக்கா வீட்டில் 30 சொச்சத்தில் விழுந்தது. புது வயரிங்கானால் போராங் ஜி, போராங் எச் என்று இரண்டு சான்றிதழ் உண்டு, ஒன்று மேற்பார்வையிட்டு முடித்ததற்கு, ஒன்று சோதித்ததற்கு. வாங்கி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிற வயர்மேனிடம் மேற்கொண்டு எதுவும் பேசவேண்டியதில்லை.

சாயங்காலம் ஓவன் ஏறியது. முதல் தட்டு நெய் பிஸ்கட் வந்தபோது நான் வாசலில் தொட்டியின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அக்கா தட்டோடு வந்து நின்று, புது டைல்ஸுக்கு நடுவே தெரிந்த அந்தச் சாம்பல் நிற மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, தீபாவளிக்கு இது மேல கோலம் போடலாமா?”

“போடலாம்க்கா. சிமெண்டு மட்டும் போடாதீங்க.”